ஆறாம் பிரிவில் என் வரி

மைனா தன் கைப்பையை மேசைமேல் வைத்தால் சத்தமே வராது. என் பையை வைத்தால் உள்ளே இருக்கும் டிபன் டப்பா 'டங்'கென்று ஊருக்கே அறிவிக்கும். கல்லூரி விடுதியில் மூன்று வருடம் ஒரே அறையில் இருந்தோம். அவள்மேல் எனக்குப் பொறாமை தொடங்கியது அந்தச் சத்தத்தில்தான்.

மைனா என்பது விடுதியில் வைத்த பெயர். யாரிடம் பேசினாலும் குரலில் சர்க்கரை போட்டுப் பேசுவாள். எனக்கு வைத்த பெயர் ஸ்கேல். எதைப் படித்தாலும் தப்புக்குக் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போடுவேன். சமையற்கூடத்து அறிவிப்புப் பலகையைக்கூட விட்டதில்லை. அவள் தாத்தா வக்கீல், அம்மா பேராசிரியை. என் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அவள் தேர்வுக்கு முந்தின வாரம் என் குறிப்பேட்டை வாங்கிப் படித்து என்னைவிட இரண்டு மதிப்பெண் அதிகம் எடுப்பாள். "உன் நோட்டு இல்லன்னா நான் காலிடி" என்று கட்டிப்பிடிப்பாள். கட்டிப்பிடிக்கிறவளை எப்படித் திட்டுவது?

படிப்பு முடிந்ததும் மது உற்பத்தியாளர் சங்கத்தில் 'கொள்கை அலுவலர்' வேலைக்கு ஆள் கேட்டார்கள். அவள் விண்ணப்பித்தாள். நானும் விண்ணப்பித்தேன். இதை ஏன் மறைக்க வேண்டும்? பிற்பாடு அந்தச் சங்கத்தைப் பற்றி நான் எவ்வளவோ பேசியிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு என்னைக் கூப்பிட்டிருந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடியிருப்பேன். அவர்கள் அவளைத்தான் கூப்பிட்டார்கள். எனக்குச் சட்டப்பேரவைக் குழு அலுவலகத்தில் ஒப்பந்த வேலை கிடைத்தது. வரைவு உதவியாளர். ஆறு மாதத்துக்கொருமுறை நீட்டிப்பு உத்தரவு வரும், அல்லது வராது.

குழு அலுவலகம் என்ன செய்கிறது என்று அப்பா கேட்டபோது இப்படிச் சொன்னேன்: "ஒரு சட்டம் வர்றதுக்கு முன்னாடி, ஊர்ல எல்லாரும் என்ன நினைக்கிறாங்கன்னு கேட்டு, ஒம்பது உறுப்பினருக்கு அட்டவணை போட்டுக் குடுப்போம்பா." அப்பா, "ஊர்ல எல்லாரையுமா கேப்பீங்க? என்னக் கேக்கலையே" என்றார்.

அவரைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். அந்த வருடம் வந்தது மதுவிற்பனைச் சட்ட வரைவு. அதன் ஆறாம் பிரிவு ஒரே வரி: எந்த மதுக்கடையும் காலை பதினோரு மணிக்கு முன் திறக்கக்கூடாது.

அப்பா கண்ணாடிக் கிடங்கில் வேலை செய்கிறார். ஆள் உயரக் கண்ணாடிப் பலகைகளை இரண்டு பேராகத் தூக்கி வண்டியில் சாய்த்து அடுக்குவது. வேலை ஏழரைக்கு. எங்கள் தெருமுனையில் இடது பக்கம் திரும்பினால் கிடங்கு, வலது பக்கம் திரும்பினால் கடை. கடை காலை ஆறு மணிக்குத் திறக்கும். கை நடுக்கம் நிற்கத்தான் குடிக்கிறேன் என்பார் அப்பா. நடுக்கம் ஏன் வருகிறது என்று கேட்டால் சட்டையைத் தேடுவார். அந்த வரைவுக்கு இரண்டு வருடம் முன், காலை ஏழே முக்காலுக்கு, வலது கை மோதிரவிரலின் நுனி கண்ணாடியோடு போய்விட்டது. அடுத்த முறை விரலோடு நிற்காது என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். தெரிந்துதான் இருவரும் தினமும் ஏழே முக்கால் ஆகும்வரை எதையாவது துடைத்துக்கொண்டே இருப்போம்.

பத்து வயதிலிருந்து கெஞ்சியிருக்கிறேன். அழுதிருக்கிறேன். ஒருமுறை அவர் சட்டைகளை எல்லாம் வாளியில் முக்கி வைத்தேன். ஈரச் சட்டையோடே போனார்.

வரைவு வருவதற்கு முந்தின வருடம் ஒருநாள் கொட்டும் மழையில் மைனா தன் காரில் என்னை வீட்டில் இறக்கிவிட்டாள். உள்ளே வந்தாள். அம்மா எனக்குக்கூடக் கொடுக்காத புதுத் துண்டை அவளுக்குத் தலைதுவட்டக் கொடுத்தாள். அப்பா சட்டையின் மேல் பொத்தான்வரை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். விரலைப் பார்த்து மைனா விசாரித்தாள். அவர் சொன்னார், முழுசாகவே சொன்னார். அவள் அந்தக் கையைத் தொட்டு, "அப்பா, காலைல மட்டும் வேணாம்ப்பா. சாயங்காலம் உங்க இஷ்டம். காலைல மட்டும்" என்றாள்.

"சரிம்மா" என்றார்.

பதினோரு நாள் காலையில் கடைப்பக்கம் போகவில்லை. பதினோரு நாள்! நான் பதினான்கு வருடம் கேட்டது. பன்னிரண்டாம் நாள் மறுபடி போனபோது எனக்கு வருத்தம் வந்தது, பொய் சொல்லவில்லை. வருத்தத்துக்கு அடியில் சின்னதாக ஒரு குளிர்ச்சியும் இருந்தது. அவள் சொல்லும் பலிக்கவில்லை அல்லவா?

எல்லாவற்றுக்கும் மேலே, சாராயம் விற்கிறவர்களிடம் வேலை பார்த்துக்கொண்டே அவளால் அப்படிச் சொல்ல முடிந்தது. அதுவும் மனதாரச் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை.

சரி, அலுவலகத்துக்கு வருகிறேன். எங்கள் அட்டவணையில் மூன்று பத்திகள். முதலில் பிரிவு, நடுவில் வந்த கருத்து, மூன்றாவதாக அலுவலகக் குறிப்பு. அதைத் தயாரிப்பவர் எங்கள் பிரிவு அதிகாரி. கெட்டவர் இல்லை. சோம்பேறி. காகிதத்தில் வந்த கருத்தை அவரே தட்டச்சு செய்ய வேண்டும் என்பதால் இரண்டு வரியில் சுருக்குவார். எங்கள் அட்டவணை வடிவத்திலேயே கணினியில் அனுப்பினால், அப்படியே எடுத்து ஒட்டுவார். அவசரச் சிகிச்சைப் பிரிவு மருத்துவர் ஒருவர் நான்கு பக்கம் கையால் எழுதி அனுப்பியிருந்தார். காலை ஏழுக்கும் பத்துக்கும் நடுவில் வருகிற காயங்கள், எந்தத் தொழில், எந்தக் கை என்று. அது அட்டவணையில் இப்படி ஆனது: 'மருத்துவர் ஒருவர் ஆதரவு தெரிவித்துள்ளார்.'

"சார், நாலு பக்கம் எழுதியிருக்காரு."

"அதான் ஒரு வரி போட்டாச்சே. அவரு கையெழுத்த நீ படிச்சியா? எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கு. சங்கத்துக்காரங்களப் பாரு, எவ்வளவு நீட்டா அனுப்புறாங்க."

சங்கத்துக்காரங்க என்றால் மைனா. வாரத்துக்கு இரண்டுமுறை வந்துகொண்டிருந்தாள். வாசல் காவலரின் குழந்தைகள் பெயர்வரை தெரிந்துவைத்து விசாரிப்பாள். நான் தினமும் வருகிறேன், அந்த ஆள் தினமும் என் அடையாள அட்டையைக் கேட்பார்.

கருத்துச் சொல்லக் கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பு மைனா நேராக என் மேசைக்கு வந்தாள். பை சத்தமில்லாமல் இறங்கியது.

"ஸ்கேல், ஒரு ஹெல்ப். இத ஒரு தடவ பாரேன். எங்க ஆளுங்க எழுதினது. எனக்கு என்னவோ இடிக்குது."

ஆறாம் பிரிவுக்கு மாற்று வாசகம். பதினோரு மணி என்பதை எடுத்துவிட்டு, 'விதிகளில் குறிக்கப்படும் நேரத்துக்கு முன்' என்று போட்டிருந்தார்கள். எங்கள் தொழிலில் இது பழைய வித்தை. சட்டத்தில் மணியைப் போட்டால் அது மணி. பிறகு துறை தனியாக எழுதும் விதியில் போடுகிறோம் என்றால், அந்த விதி எப்போது வரும்? அதை எழுதும் அலுவலரைச் சந்தித்துக்கொண்டே இருந்தால் வரவே வராது.

ஆனால் இரண்டு ஓட்டைகள் இருந்தன. பார்த்தவுடன் தெரிந்தது. என் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

"என்னடி சிரிக்கிற?"

"யாரு எழுதினது இத? வக்கீலா?"

"பெரிய வக்கீல்டி. ஏன்?"

"பெரிய வக்கீலுக்கு இருபத்திரண்டாம் பிரிவு இருக்கிறது தெரியாதா? எதுக்கெல்லாம் விதி போடலாம்னு அங்க பட்டியல் இருக்கு. கடை நேரம் அதுல இல்ல. அப்புறம் எந்த அதிகாரத்துல விதி போடுவீங்க? எங்க சட்ட ஆலோசகர் ஒரு நிமிஷத்துல தூக்கிப் போட்டுடுவாரு."

"அய்யோ."

"இன்னொன்னு. விதி வர்ற வரைக்கும் என்ன நேரம்? ஒன்னும் இல்லையே. அந்தரத்துல நிக்குது."

"அப்ப எப்படி எழுதணும்?"

இங்கேதான் நிறுத்தியிருக்க வேண்டும். 'உங்க வக்கீலக் கேளு' என்று சொல்லியிருக்க வேண்டும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன், தெரிந்தே செய்தேன். மூன்று வருடம் என் நோட்டைப் படித்து என்னைத் தாண்டிப் போனவள், என் மேசைக்கு முன்னால் நின்று எப்படி எழுதணும் என்று கேட்கிறாள். வாய் பேசாத பேச்சைக் கை பேசியது. ஒரு தாளை இழுத்தேன். ஸ்கேல் வைத்து இரண்டு கோடு அடித்தேன். இருபத்திரண்டாம் பிரிவில் ஒரு உட்பிரிவு சேர்த்தேன். ஆறாம் பிரிவின் கடைசியில் ஒரு வரி எழுதினேன்: 'அவ்வாறு விதிகள் வகுக்கப்படும் வரை, தற்போது நடைமுறையில் உள்ள நேரமே தொடரும்.'

தற்போதைய நேரம் காலை ஆறு மணி.

நல்ல வரி. இப்போதும் சொல்கிறேன், நல்ல வரி. ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

மைனா வாசித்தாள். "நீயெல்லாம் எங்க இருக்க வேண்டியவ தெரியுமா!" என்றாள். தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள். அன்று மாலைவரை எனக்குத் தரையில் கால் படவில்லை. பேருந்தில் போகும்போது தெருமுனைக் கடை தாண்டியது. அப்போதும் என்ன நினைத்தேன் தெரியுமா? உறுப்பினர்கள் இதை எங்கே ஏற்கப்போகிறார்கள், எப்படியும் தள்ளிவிடுவார்கள், ஆனால் அவளுக்குத் தெரிந்துவிட்டது, யார் யாரைவிடக் கெட்டிக்காரி என்று.

மறுநாள் சங்கத்தின் கருத்து வந்தது. எங்கள் அட்டவணை வடிவத்தில், எங்கள் எழுத்துருவில். பிரிவு அதிகாரி அப்படியே ஒட்டினார். மூன்றாம் பத்தியில் நான் 'ஏற்கத்தக்கதல்ல' என்று அரைப்பக்கம் எழுதினேன். மருத்துவரின் நான்கு பக்கத்தையும் அதில் சேர்த்தேன். சாயங்காலம் பார்த்தால் ஒற்றைச் சொல் இருந்தது: 'பரிசீலிக்கலாம்.'

"சார், என் குறிப்பு?"

"ரொம்பக் காரமா இருந்துச்சும்மா. இவ்வளவு சுத்தமா எழுதியிருக்காங்க, அதுல போய் என்னத்தத் தப்புச் சொல்றது? நீயே சொல்லு, அந்த வரியில ஒரு தப்பு இருக்கா?"

இல்லை. அதுதான் கொடுமை.

குழு காலை பத்து மணிக்குக் கூடியது. நீள மேசையைச் சுற்றித் தலைவரையும் சேர்த்து ஒன்பது உறுப்பினர்கள், தலைவர் நடுவில், ஒரு ஓரம் சட்ட ஆலோசகர். சுவரோரமாக அலுவலகத்தார் நாங்கள். எதிர்ச்சுவரில் கருத்துச் சொன்னவர்களுக்கான பெஞ்சு. மருத்துவர் வரவில்லை. அவருக்குக் காலையில்தான் வேலை. மைனா வந்திருந்தாள்.

ஆறாம் பிரிவு வந்ததும் சட்ட ஆலோசகர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "இதுக்கு விதி போட அதிகாரம் எங்க இருக்கு? ஓ, இருபத்திரண்டுலயும் சேர்த்திருக்காங்களா? சரி. விதி வர்ற வரைக்கும்? அட, அதுவும் இருக்கு. ஓட்டையே இல்ல சார்."

உறுப்பினர்களில் ஒரு பெண், முன்னாள் செவிலியர். அவர் மட்டும், "ஓட்டை இல்லைன்னா நல்லதுன்னு அர்த்தமா? மணியத் தூக்கிட்டாங்களே, அதப் பாருங்க" என்றார். யாரும் நிமிரவில்லை.

தலைவர் அந்த வரியைச் சத்தமாக வாசித்தார். என் வரியை. அவருக்கு நல்ல குரல். "எவ்வளவு தெளிவா இருக்கு பாருங்க" என்றார். "நம்ம ஆபீசும் இருக்கே, இத்தனை வருஷத்துல இப்படி ஒரு வரி எவனாவது எழுதியிருக்கானா? சங்கத்துல நல்லா வேல செய்றீங்கம்மா."

மைனா எழுந்து லேசாகத் தலை குனிந்தாள். "நன்றிங்க சார்."

அந்த 'நன்றிங்க சார்'! வெட்கத்தோடு, அளவாக, சர்க்கரை போட்டு. என் பக்கம் கண்ணைக்கூடத் திருப்பவில்லை. அந்த நொடியில் எனக்கு அப்பாவின் விரல் ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் எழுந்து நின்றிருந்தேன்.

"அது நான் எழுதினது" என்றேன்.

பிரிவு அதிகாரி என் கைமுட்டியைப் பிடித்து இழுத்தார். "உக்காரு, உக்காரும்மா, உடம்பு சரியில்லையா?"

செவிலியர் உறுப்பினர் நாற்காலியோடு திரும்பினார். "என்னம்மா சொன்ன?"

"அந்த வரி. அவங்க எழுதினது இல்ல. நான் எழுதினது. அவங்க கொண்டுவந்ததுல ரெண்டு தப்பு இருந்துச்சு. நான்தான் சரிபண்ணிக் குடுத்தேன்."

"நீ யாரு?"

"இந்த ஆபீஸ். வரைவு உதவியாளர்."

அப்போதுதான் எனக்கே என் காதில் விழுந்தது, நான் என்ன சொன்னேன் என்று.

தலைவர் குறிப்பெடுப்பவரைப் பார்த்து, "அது பதிவாக வேண்டாம்" என்றார்.

"பதிவாகட்டும்" என்றார் செவிலியர் உறுப்பினர். குரலே உயரவில்லை. ஊசி போடுவதற்கு முன் பேசுகிற குரல். "சாராய சங்கத்தோட கருத்த, கருத்துக் கேக்குற ஆபீசே எழுதிக் குடுத்திருக்கு. அத நாம பாராட்டிட்டு வேற இருக்கோம். இதப் பதிவு பண்ண வேண்டாம்னா ஓட்டெடுப்பு விடுங்க, யாரு வேண்டாம்னு கை தூக்குறாங்கன்னு அதையும் பதிவு பண்ணிக்கலாம்."

யாரும் கை தூக்கவில்லை. அதுவரை 'நல்ல வரி, நல்ல வரி' என்று தலையாட்டியவர்கள் திடீரென்று தங்கள் கோப்புகளில் மும்முரமானார்கள். மாற்று வாசகம் திரும்பப் பெறப்பட்டது. மூல வரி, பதினோரு மணி, வாக்குக்கு வந்தது. ஆதரித்து நான்கு கைகள். எதிர்த்து மூன்று, தலைவருடையதையும் சேர்த்து. மிச்சம் இரண்டு பேர் கீழே விழுந்த பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

நடைபாதையில் மைனா என்னைப் பிடித்தாள். முதன்முறையாக அவள் குரலில் சர்க்கரை இல்லை.

"சந்தோஷமா?"

"உனக்கு எழுதத் தெரிஞ்சிருந்தா நீ என்கிட்ட வந்திருக்க மாட்ட."

"லூசு. எங்க வக்கீலுக்கு அந்த ரெண்டு தப்பும் தெரியாதா? ஆபீஸ் ஆளு கை பட்டுச்சுன்னா ஆபீஸ் அத வெட்டாதுன்னு சொல்லித்தான் அனுப்பினாங்க. தப்போட குடு, அந்தப் பொண்ணால சும்மா இருக்க முடியாதுன்னு..." நிறுத்தினாள்.

"யாரு சொன்னது? என்னால சும்மா இருக்க முடியாதுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

விடுதி அறையில் என்னோடு இருந்தவள் அவள் ஒருத்திதான்.

பிறகு அவள், "அப்பா எப்படி இருக்காரு?" என்றாள். அடிக்கலாம்போல இருந்தது. ஏனென்றால் அதையும் அவள் மனதாரத்தான் கேட்டாள்.

அடுத்த வாரம் என் நீட்டிப்பு உத்தரவு வரவில்லை. பிரிவு அதிகாரி என் டிபன் டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "இவ்வளவு நல்லா எழுதுறவ, வாய மட்டும் கொஞ்சம் சுருக்கி எழுதியிருக்கலாம்" என்றார். அவர் வாழ்நாளில் சொன்ன ஒரே நகைச்சுவை அது.

விஷயம் என் பெயர் இல்லாமல் பத்திரிகையில் வந்துவிட்டதால் பேரவையில் அந்த மணியைத் தொட யாருக்கும் துணிவில்லை. நான்கு மாதத்தில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. முதல் நாள் காலை ஆறு மணிக்கு அப்பா கிளம்பினார். ஆறு பத்துக்குத் திரும்பி வந்தார். முகம் வெளிறியிருந்தது. வாசல் படியில் உட்கார்ந்து கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டார்.

"பூட்டிக் கெடக்கு" என்றார். "பதினோரு மணியாம். எந்தப் பாவி எழுதினானோ. எழுதின கை வெளங்காமப் போக."

நான் டப்பாவில் அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு மருந்தகத்தில் கணக்கெழுதும் வேலைக்கு அன்று மதியம் நேர்காணல் போக வேண்டும்.

அம்மா உள்ளேயிருந்து, "எதுக்குச் சாபம் விடுறீங்க? காலைல மட்டும் வேணாம்னு அந்தப் பொண்ணு அன்னிக்கே சொல்லிச்சே. பெரிய எடத்துல இருக்கிற பொண்ணு. அதுதான் செஞ்சிருக்கும்" என்றாள்.

அப்பா நிமிர்ந்தார். "அந்தப் பொண்ணா?"

"பின்ன? வேற யாருக்கு உங்க மேல அவ்வளவு அக்கறை?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "அதுவா இருக்கும்" என்றார். நெற்றிச் சுருக்கம் மெதுவாக இறங்கியது. "அந்தப் பொண்ணுன்னா சரிதான்."

கரண்டி என் கையில் அப்படியே நின்றது. வாயைத் திறந்தேன். ஆனால் எதைச் சொல்வது? அந்தச் சட்டத்தில் என் வரி ஒன்றுகூட இல்லை. நான் எழுதிய ஒரே வரி வெட்டப்பட்ட வரி. அது நின்றிருந்தால் இந்நேரம் கடை திறந்திருக்கும், இவர் கை நடுங்காமல் இருந்திருக்கும், ஏழே முக்காலுக்கு நானும் அம்மாவும் எதையாவது துடைத்துக்கொண்டிருப்போம். அதை எப்படிச் சொந்தம் கொண்டாடுவது?

வாயை மூடிக்கொண்டு டப்பாவையும் மூடினேன்.

இரண்டு டம்ளர் தேநீர் குடித்தார். ஒன்றில் பாதி தரையில் சிந்தியது. ஏழு பத்துக்குச் சட்டையின் மேல் பொத்தான்வரை போட்டார், மைனா வந்த அன்றைக்குப் போலவே. டப்பாவைக் கொடுத்தபோது, "அந்தப் பொண்ணப் பாத்தா நான் கேட்டேன்னு சொல்லு" என்றார்.

"ம்."

"மறந்துடாத."

"சொல்றேன்பா."

கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நடுங்குகிற கையில் டப்பாவின் மூடி கடகடவென்று ஆடுகிற சத்தம் தெருவில் போனது. அவள் பை ஒருநாளும் எழுப்பாத சத்தம். தெருமுனையில் கொஞ்சம் நின்றது. பிறகு இடது பக்கம் திரும்பியது.

அவள் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் போகிறார். எனக்கு வயிறு எரிந்தது. ஏழே முக்கால்வரை அங்கேயே நின்றேன்.